எவ்வளவு வேகம்? தண்ணீரைக் கேளுங்கள்!

1923-ம் வருஷம் செப்டம்பர் 8. இரவு ஒன்பது மணி. அமெரிக்காவின் மேற்குக் கரை. கலிபோர்னியாவை ஒட்டிய பசிபிக் கடலில் பதினான்கு நாசகாரிப் போர்க்கப்பல்கள், ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. காலையில் சான்ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பியவை. சான் டியகோ போய்ச் சேரவேண்டும். வேகம் 20 நாட். சுற்றிலும் மூடுபனி. முன்னால் போகிற கப்பலின் விளக்கைத் தவிர வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

தலைமைக் கப்பலின் பெயர் டெல்ஃபி. படைப்பிரிவின் தலைவர் கேப்டன் எட்வர்ட் வாட்சன் அதில்தான் இருந்தார். வழி பார்த்தவர் லெஃப்டினன்ட் கமாண்டர் டொனால்ட் ஹன்ட்டர். லேசுப்பட்ட ஆள் இல்லை. கடற்படை அகாடமியில் மாணவர்களுக்கு வழி பார்க்கும் வித்தையைப் பாடமாகவே நடத்தியவர்.

அவர் போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது. இத்தனை மணிக்குக் கிளம்பினோம். இத்தனை வேகத்தில் வந்தோம். ஆகவே இப்போது இந்த இடத்தில் இருக்கிறோம். பாயின்ட் ஆர்க்யெல்லோ என்ற முனையைத் தாண்டியாகிவிட்டது. இடது பக்கம் திரும்பினால் சான்டா பார்பரா கால்வாய். நேராக வீட்டுக்குப் போய்விடலாம்.

கரையில் புதிதாக ஒரு ரேடியோ நிலையம் வைத்திருந்தார்கள். கப்பலின் சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்துச் சொல்லும் நிலையம். அது, 'நீங்கள் இன்னும் முனைக்கு வடக்கேதான் இருக்கிறீர்கள்' என்றது. ஹன்ட்டர் நம்பவில்லை. புது மெஷின், தப்பாகச் சொல்கிறது என்று நினைத்தார். சரி, ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி ஆழமாவது பார்த்திருக்கலாம். அதற்குக் கப்பலின் வேகத்தைக் குறைக்கவேண்டும். யுத்த காலத்தில் ஓடுவது போல் ஓடிக்காட்டும் பயிற்சி அது. வேகத்தைக் குறைக்க வாட்சனுக்கு மனசு வரவில்லை.

மணி ஒன்பதுக்குத் திரும்பினார்கள். ஒன்பது ஐந்துக்கு டெல்ஃபி பாறையில் மோதியது.

பின்னால் வந்தவை? அவையும் அதே வேகம், அதே பாதை. அடுத்த சில நிமிடங்களில் மொத்தம் ஏழு கப்பல்கள் பாறையில் ஏறிவிட்டன. யங் என்ற கப்பல் ஒன்றரை நிமிடத்தில் கவிழ்ந்தது. 23 மாலுமிகள் செத்துப்போனார்கள். எதிரி யாரும் சுடவில்லை. குண்டு வெடிக்கவில்லை. யுத்தம் இல்லாத காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரே இரவில் இத்தனை கப்பல்கள் போனது அதற்கு முன்பும் இல்லை, பிறகும் இல்லை. ஹோண்டா முனை விபத்து என்று சரித்திரத்தில் பெயர்.

எங்கே தப்பு நடந்தது? வேகத்தில். 20 நாட் என்று சொன்னது யார்? புரொபெல்லர். அதாவது, அதன் சுற்றுகளை எண்ணிப் பார்த்து, இத்தனை சுற்று என்றால் இத்தனை வேகம் என்று வாய்ப்பாடு மாதிரி முடிவு கட்டினார்கள். கடல் அமைதியாக இருந்தால் அது சரிதான். அன்றைக்குப் பின்னாலிருந்து பெரிய பெரிய அலைகள். அலை தூக்கும்போது புரொபெல்லர் தண்ணீரில் சரியாகப் பிடிக்காது. சுற்று கணக்கில் ஏறும், தூரம் ஏறாது. போதாக்குறைக்கு, சரியாக ஒரு வாரம் முன்னால்தான் ஜப்பானில் பெரும் பூகம்பம் வந்து டோக்கியோவும் யோகஹாமாவும் தரைமட்டமாகியிருந்தன. அதன் விளைவாகக் கடலின் நீரோட்டமே வழக்கம் மாறியிருந்தது என்று ஒரு கருத்தும் உண்டு.

ஆக, கப்பல் தன் இன்ஜினைக் கேட்டது. தண்ணீரைக் கேட்கவில்லை.

தண்ணீரை எப்படிக் கேட்பது? அதற்கு நானூறு வருஷத்துக்கும் மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது.

சாலையில் ஓடும் வண்டிக்குப் பிரச்னையே இல்லை. சக்கரம் ரோட்டைத் தொடுகிறது. ரோடு அசையாது. சக்கரத்தின் சுற்றை எண்ணினால் வேகம் தெரிந்துவிடும். கப்பல் தொடுவது தண்ணீரை. அந்தத் தண்ணீரோ ஒரு இடத்தில் நிற்காது.

பழைய மாலுமிகள் கண்டுபிடித்த முதல் வழி, குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். கப்பலின் முன்னால் நின்று ஒரு மரத்துண்டைக் கடலில் போடு. அது பின்பக்கம் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார். கப்பலின் நீளம் தெரியும். நேரமும் தெரிந்துவிட்டது. வகுத்தால் வேகம். இதற்கு டச்சுக்காரர் முறை என்று பெயர். வகுத்தல் தெரியாத மாலுமி என்ன செய்வான்? 18-ம் நூற்றாண்டில் பீட்டர் ஹோல்ம் என்பவர் ஆம்ஸ்டர்டாமில் பித்தளைப் புகையிலை டப்பாக்கள் செய்தார். வேகம் பார்ப்பதற்கான அட்டவணையை டப்பாவின் மேலேயே செதுக்கிவிட்டார். பைப்புக்குப் புகையிலை எடுக்கும்போதே கணக்கும் முடிந்துவிடும்!

இந்த மரத்துண்டைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வரும்.

இங்கிலாந்துக்காரர்கள் அந்த மரத்துண்டைக் கயிற்றில் கட்டினார்கள். 1574-ல் வில்லியம் போர்ன் எழுதிய கடற்பயணக் கையேட்டிலேயே இந்த முறை அச்சாகிவிட்டது. கட்டையைப் பின்பக்கம் கடலில் வீசவேண்டும். அது தண்ணீரிலேயே நிற்கும். கப்பல் முன்னேற முன்னேறக் கயிறு உருவிக்கொண்டு ஓடும். கயிற்றில் சம தூரத்தில் முடிச்சுகள். ஒருத்தர் மணல் கடிகாரத்தைத் திருப்பிப் பிடிப்பார். மணல் தீருவதற்குள் எத்தனை முடிச்சு கை வழியே போனது என்று இன்னொருத்தர் எண்ணுவார். பிற்காலத்தில் கணக்கைச் சீராக்கி, 28 விநாடிக் கடிகாரம், 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு என்று வைத்தார்கள். ஏன் இந்த விசித்திர அளவு? ஒரு முடிச்சு போனால் மணிக்கு ஒரு கடல் மைல் என்று ஆகிவிடும், அதற்காக. கடல் மைல் என்பது 1,852 மீட்டர். முடிச்சுக்கு ஆங்கிலத்தில் நாட். கப்பலின் வேகத்தை இன்றைக்கும் நாட் கணக்கில்தான் சொல்கிறோம்.

அந்தக் கட்டைக்கு லாக் என்று பெயர். அளந்த வேகத்தை எழுதி வைத்த நோட்டு லாக் புக். கம்ப்யூட்டரில் தினமும் லாக்-இன் செய்கிறோமே, அதன் பூர்வீகமும் இந்த மரக்கட்டைதான்.

நல்ல முறை. ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கட்டை மிதக்கும் தண்ணீரே ஓடிக்கொண்டிருந்தால்? கப்பல் மணிக்கு 5 மைல் வேகத்தில் தண்ணீரைக் கிழித்துப் போகிறது. எதிரே 3 மைல் வேகத்தில் நீரோட்டம். லாக் 5 என்றே சொல்லும். உண்மையில் நீங்கள் நகர்வது 2 மைல். பி.காம் படித்தவர்களுக்கு உடனே புரியும். லாக் காட்டுவது மொத்த லாபம். பூமிக்கு மேல் நகர்வது நிகர லாபம். நடுவில் கழிக்கவேண்டிய செலவுதான் நீரோட்டம். அந்தச் செலவுக்கு ரசீது கிடையாது என்பதுதான் சங்கடம்.

ரசீதைத் தேடிப் பிடித்தவர், ஒரு போஸ்ட் மாஸ்டர்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின். மின்னலோடு காற்றாடி விட்டாரே, அவரேதான். அமெரிக்கக் காலனிகளின் தபால் துறையைக் கவனித்துக்கொண்டிருந்தார். 1768-வாக்கில் லண்டனில் இருந்தபோது அவரிடம் ஒரு புகார் வந்தது. இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து நியூயார்க் போகும் தபால் கப்பல்கள், லண்டனிலிருந்து ரோட் ஐலண்ட் போகும் வியாபாரக் கப்பல்களைவிட இரண்டு வாரம் தாமதமாகப் போய்ச் சேருகின்றன. லண்டனிலிருந்துதான் தூரம் அதிகம். சரக்கும் அதிகம். பிறகு ஏன் தபால் தாமதம்?

ஃபிராங்க்ளினுக்கு உறவுக்காரர் திமோத்தி ஃபோல்ஜர். நான்டக்கெட் தீவுக்காரர், கப்பல் கேப்டன். அவரைக் கேட்டார். ஃபோல்ஜர் சர்வசாதாரணமாகச் சொன்னார். கடலுக்குள்ளே ஒரு ஆறு ஓடுகிறது. எங்கள் ஊர்த் திமிங்கில வேட்டைக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும், திமிங்கிலங்கள் அதன் ஓரத்தில்தான் திரியும். தபால் கப்பல்கள் அந்த ஆற்றை எதிர்த்தே போகின்றன. காற்று குறைந்தால், முன்னேறுவதைவிட அதிக தூரம் பின்னால் இழுத்துப் போய்விடும். நடுக்கடலில் பார்க்கும்போது நாங்களே சொல்லியிருக்கிறோம். சாதாரண அமெரிக்க மீனவன் சொல்லி இங்கிலாந்து கேப்டன் கேட்பானா?

ஃபிராங்க்ளின் அந்த ஆற்றை வரைபடமாக அச்சடித்துக் கொடுத்தார். அப்போதும் கேப்டன்கள் கேட்கவில்லை. அந்த ஆறுதான் கல்ஃப் ஸ்ட்ரீம்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. கரை தெரியாத நடுக்கடலில், இப்போது ஆற்றுக்குள் இருக்கிறோமா வெளியிலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கல்ஃப் ஸ்ட்ரீம் தெற்கேயிருந்து வருகிற வெதுவெதுப்பான தண்ணீர். சுற்றிலும் இருப்பது குளிர்ந்த தண்ணீர். 1775-ல் ஊர் திரும்பும்போது, 69 வயதுக் கிழவர், தினமும் பல தடவை கடல் தண்ணீரில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். உஷ்ணம் ஏறினால் ஆற்றுக்குள்ளே. இறங்கினால் வெளியே!

வேகம் பார்க்க லாக். அந்த வேகத்தை நம்பலாமா என்று பார்க்க தெர்மாமீட்டர். இரண்டும் ஜோடி என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. இரண்டும் ஒரே கருவிக்குள் வந்து சேரத்தான் காலம் பிடித்தது.

நடுவில் இயந்திரங்கள் வந்தன. 1802-ல் எட்வர்ட் மாஸி என்ற இங்கிலாந்துக்காரர், கப்பலுக்குப் பின்னால் கயிற்றில் இழுத்துச் செல்லும் சுழலிக்குக் காப்புரிமை வாங்கினார். தண்ணீர் பட்டுச் சுழலும், முள் நகரும். படிக்கவேண்டும் என்றால் ஒவ்வொரு தடவையும் மேலே இழுக்கவேண்டும். தாமஸ் வாக்கர் 1861-ல் அதை இன்னும் திருத்தமாகச் செய்தார். இந்தச் சுழலிகளைச் சமயத்தில் சுறாமீன் இரை என்று நினைத்துக் கவ்விக்கொண்டு போய்விடும்! பிற்காலத்தில் படகின் அடிவயிற்றிலேயே குட்டிச் சக்கரம் ஒன்றைப் பொருத்தினார்கள். தண்ணீர் ஓட ஓடச் சக்கரம் சுற்றும். அதிலும் தொல்லை. பாசி பிடிக்கும். சிப்பி ஒட்டும். சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். படகு பாய்ந்து போகும், மீட்டர் பூஜ்யம் காட்டும்.

சுற்றுகிற பொருள் எதுவும் இல்லாமல் அளக்க முடியுமா? முடியும், சத்தத்தை வைத்து.

1826-ல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரியில் இரண்டு படகுகள். ஒன்றில், தண்ணீருக்கடியில் தொங்கவிட்ட மணி. மணியை அடிக்கும் அதே நொடியில் மேலே வெடிமருந்து பளிச்சிடும். பதின்மூன்றரை கிலோமீட்டர் தள்ளி இன்னொரு படகில் டேனியல் கொலாடன், தண்ணீருக்குள் நீளக் குழல் விட்டு, அதில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளிச்சம் தெரிந்ததற்கும் சத்தம் கேட்டதற்கும் நடுவில் எத்தனை விநாடி? கணக்குப் போட்டால், தண்ணீரில் சத்தத்தின் வேகம் விநாடிக்கு 1,435 மீட்டர். காற்றில் போவதைப் போல நாலு மடங்குக்கும் மேல். தண்ணீரின் உஷ்ணம் 8 டிகிரி என்பதையும் மறக்காமல் குறித்தார்கள். அந்தக் குறிப்பு எவ்வளவு முக்கியம் என்பது ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் விளங்கியது.

1912-ல் டைட்டானிக் மூழ்கியது. 1,500-க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். ஒரு மாதத்துக்குள் லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி, தண்ணீருக்குள் சத்தம் அனுப்பி எதிரொலியை வைத்து பனிப்பாறையைக் கண்டுபிடிக்கலாம் என்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1914 ஏப்ரலில் ரெஜினால்ட் ஃபெஸன்டன், மயாமி என்ற கப்பலில் இருந்து அதைச் செய்தே காட்டினார். சுமார் இரண்டு மைல் தள்ளியிருந்த பனிமலை, எதிரொலியில் அகப்பட்டது.

பிறகு முதல் உலகப்போர். நீர்மூழ்கிகளைத் தேடவேண்டிய கட்டாயம். பிரான்ஸில் பால் லாங்ஜெவின், தன் குரு பியர் கியூரி அண்ணனோடு சேர்ந்து 1880-ல் கண்டுபிடித்திருந்த ஒரு விஷயத்தைக் கையில் எடுத்தார். குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும். விநாடிக்கு 20,000 தடவைக்கு மேல் அதிர்ந்தால் மனிதக் காதுக்குக் கேட்காது. அதுதான் அல்ட்ராசானிக். ஒரே படிகம், வாயாகவும் இருக்கும் காதாகவும் இருக்கும்.

இங்கே ஒரு கொடுமையைச் சொல்லவேண்டும். 1922-லேயே, அதே அமெரிக்கக் கடற்படையின் ஸ்டுவர்ட் என்ற நாசகாரிக் கப்பல், அட்லான்டிக்கைக் குறுக்கே கடந்தபடி, வேகத்தைக் குறைக்காமலே எதிரொலி மூலம் நூற்றுக்கணக்கான இடங்களில் ஆழம் பார்த்துக் காட்டிவிட்டது. அடுத்த வருஷம்தான் ஹோண்டா முனை.

1930-களில் இந்தச் சத்தக் கருவிகளுக்குப் புது வியாதி வந்தது. கியூபாவின் குவான்டனாமோ அருகே பயிற்சி. காலையில் கருவி நீர்மூழ்கியைப் பிரமாதமாகக் கண்டுபிடிக்கும். மத்தியானத்துக்கு மேல் கோட்டை விட்டுவிடும். இயக்குகிறவர்கள் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழிகிறார்கள் என்றுதான் முதலில் பழி போட்டார்கள். 1937-ல் உட்ஸ் ஹோல் கடல் ஆய்வு நிலையத்தின் கொலம்பஸ் ஐஸலின், தண்ணீரின் உஷ்ணத்தை ஆழம் ஆழமாக அளந்து பார்த்தார். விஷயம் வேறு. வெயிலில் மேல்மட்டத் தண்ணீர் சுடாகிறது. சூடான தண்ணீரில் சத்தம் வேகமாகப் போகும், குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக. அதனால் சத்தம் நேராகப் போகாமல், குளிர்ந்த பக்கமாகக் கீழே வளைந்துவிடுகிறது. அந்த வளைவுக்கு வெளியே இருக்கும் நீர்மூழ்கி, நிழலில் நிற்கிற ஆள் மாதிரி தப்பித்துவிடுகிறது. ஆட்கள் தூங்கவில்லை. பாவம், கடல்தான் வளைத்துவிட்டது!

அதெல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ் என்ற விஞ்ஞானி, ஆழத்தையும் உஷ்ணத்தையும் ஒரு சிறு கண்ணாடித் துண்டில் கோடாகக் கீறித்தரும் கருவியை 1938-ல் உருவாக்கினார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் அதைக் கையோடு வைத்திருந்தன. சத்தத்தை நம்பவேண்டும் என்றால் முதலில் உஷ்ணம் தெரியவேண்டும். கொலாடன் குறித்து வைத்த 8 டிகிரிக்கு அர்த்தம் இதுதான்.

இனி வேகம். 1842-ல் பிராக் நகரில் கிறிஸ்டியன் டாப்ளர் ஒரு தத்துவம் சொன்னார். நெருங்கி வரும் பொருளின் அலை நெருக்கமாகும், விலகிப் போவது தளரும். மூன்று வருஷம் கழித்து ஹாலந்தில் பைஸ் பாலட், ரயிலில் ட்ரம்பெட் வாத்தியக்காரர்களை ஏற்றி ஊதவிட்டு அதைச் சோதித்தார். ரயில் நெருங்கும்போது சுருதி ஏறியது, விலகும்போது இறங்கியது. இன்றைய பெரிய கப்பல்களின் அடியில் நடப்பது அதேதான். ஒரு அல்ட்ராசானிக் கற்றை சாய்வாக முன்னே போகும், இன்னொன்று பின்னே போகும். திரும்பி வரும் எதிரொலியின் சுருதி எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். ஆழம் குறைவான இடத்தில் எதிரொலி கடல் தரையிலிருந்தே வரும். ஆழ்கடலில், தண்ணீரில் மிதக்கும் துகள்களிலிருந்து வரும். இந்தக் கணக்கில் சத்தத்தின் வேகம் ஒரு முக்கியமான எண். உஷ்ணம் ஒரு டிகிரி மாறினால் அந்த எண் விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் மாறும். ஆகவே, ஒரு தெர்மாமீட்டரும் துணைக்கு இருக்கவேண்டும். ஃபிராங்க்ளினின் ஜோடி மறுபடி சேர்ந்துவிட்டது.

சிறிய படகுகளுக்கு இன்னும் அழகான ஏற்பாடு. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சென்சார். படகின் அடியில் பொருத்திவிடலாம். அதற்குள் இரண்டு படிகங்கள், சில சென்டிமீட்டர் இடைவெளியில், ஒன்று முன்னே, ஒன்று பின்னே. தண்ணீரில் எப்போதும் ஏதாவது மிதந்துகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், தூசி, குமிழி. முன் படிகத்தின் கீழே அவை கடக்கும்போது எதிரொலியில் ஒரு ஜாடை பதிவாகும். கண நேரத்தில் அதே கூட்டம் பின் படிகத்தின் கீழே வரும். அதே ஜாடை மறுபடி தெரியும். நடுவில் எவ்வளவு நேரம்? இடைவெளி தெரியும். வகுத்தால் வேகம்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

டச்சுக்காரன் மரத்துண்டு! கப்பலின் நீளம் சில சென்டிமீட்டராகிவிட்டது. மரத்துண்டு கடல் தூசியாகிவிட்டது. புகையிலை டப்பா இருந்த இடத்தில் ஒரு சிப். மற்றபடி ஒரு வித்தியாசமும் இல்லை. சுற்றுகிற சக்கரம் இல்லாததால் சிப்பி ஒட்டி நின்றுபோகும் தொல்லையும் குறைவு. அதே கூட்டுக்குள், உஷ்ணத்துக்கேற்ப மின்தடை மாறும் ஒரு பொட்டு, தெர்மிஸ்டர், தண்ணீரின் சூட்டையும் சொல்லிவிடும்.

சரி, ஜி.பி.எஸ். வந்தபிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜி.பி.எஸ். சொல்வது நிகர லாபம், பூமிக்கு மேல் எவ்வளவு நகர்ந்தோம் என்று. ஆனால் சுக்கானுக்குப் பூமியைத் தெரியாது. தன்மேல் பாயும் தண்ணீரைத்தான் தெரியும். கப்பலின் அடியில் பாசி ஏறி எரிபொருள் வீணாகிறதா என்று பார்க்கவும் தண்ணீரில் போகும் வேகம்தான் வேண்டும். இரண்டு வேகத்தையும் கழித்துப் பார்த்தால்தான் நீரோட்டம் என்ற அந்த மறைமுகச் செலவு வெளியே வரும். அதனால்தான் சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகள், 300 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்கள் தண்ணீரை ஒட்டிய வேகத்தை அளக்கவேண்டும் என்கின்றன. 50,000 டன்னுக்கு மேல் போனால் தரையை ஒட்டிய வேகமும், பக்கவாட்டில் நகரும் வேகமும்கூடத் தெரியவேண்டும். பாய்மரப் படகுகள் அமெரிக்காவின் நியூபோர்ட்டிலிருந்து பெர்முடா தீவுக்குப் பந்தயம் போகும்போது, இன்றைக்கும் தண்ணீரின் உஷ்ணத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சட்டென்று ஏறினால் கல்ஃப் ஸ்ட்ரீம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஹோண்டா முனைக்குப் பிறகு ராணுவ விசாரணை நடந்தது. வாட்சன் சாக்குப்போக்கு சொல்லவில்லை. முழுப் பொறுப்பும் என்னுடையதுதான் என்றார். அவரும் ஹன்ட்டரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

ஒன்றைக் கவனியுங்கள். அன்றைக்குக் கருவி இல்லாமல் அவர்கள் சாகவில்லை. ரேடியோ இருந்தது, வாய்விட்டுச் சொன்னது. ஈயக்குண்டு இருந்தது, கடலில் இறக்கப்படவில்லை. தபால் கப்பல் கேப்டன்களுக்கு ஃபோல்ஜரின் ஊர்க்காரர்கள் நேருக்கு நேராகவே சொன்னார்கள். நானூறு வருஷமாகக் கருவிகள் மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. கேட்காமல் போகிறவர்கள் மட்டும் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்திருக்கிறார்கள். அதில் வாட்சனுக்கு வாய்த்தது அந்த ஐந்து நிமிடம்.